பந்து இல்லாத கோல்ஃப்

கம்பத்துல உக்காந்துகிட்டு கோல்ஃப் எப்படி கத்துக்கறீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நாங்க போற மைதானம்னா கொடைக்கானல்தான், 1895-ல ஆரம்பிச்ச கிளப். சுத்தி மலை ஏறணும். வாரா வாரம் நடக்காது.

அதனால மொட்டை மாடி, ஒரு செவன் அயர்ன், ஒரு பழைய கண்ணாடி. பந்து கிடையாது.

முதல் ரெண்டு மாசம் பிடி மட்டும்தான். இடது கையில மட்டை உள்ளங்கையில இல்ல, விரல்கள்ல உக்காரணும். குனிஞ்சு பார்த்தா ரெண்டு முட்டி தெரியணும். மண்வெட்டி மாதிரி இறுக்கினா மணிக்கட்டு வேலை செய்யாது. திருத்த கோச் இல்லாத ஊர்ல தப்பான பிடி பழகிட்டா, அதை மறக்க வைக்கவே ஒரு வருஷம் போயிரும்.

அப்புறம் கால். சிலம்பம் கத்துக்கிட்டவங்களுக்கு இது புதுசில்ல, ஆசான் காலடியைத்தான் முதல்ல கேப்பார். இங்கயும் மேல போன மட்டை கீழ இறங்கறப்ப இடது கால்ல எடை ஏறி, இடுப்பு திரும்பி, கை கடைசியாத்தான் வரணும். மனசு என்னமோ கையைத்தான் முதல்ல அனுப்பும்!

பலம் பத்தாதேன்னு கவலைப்படறவங்க அதிதி அசோக்கைப் பாருங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல தூரமா அடிக்கறவங்க நடுவுல நாலாவது இடம். வெண்கலம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல போச்சு.

கோடு எழுதறப்ப மாதிரி, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தறேன். இந்த மாசம் இடுப்பு. வீசி முடிச்சதும் தடுமாறாம மூணு எண்ணற வரைக்கும் நிக்கணும். இப்போதைக்கு ரெண்டுதான் வருது.