ஓடைக் கரையில் மூன்று மணி நேரம்



"உன் வேலையைப் பற்றிப் பேசு" என்றார் நம் சங்கச் செயலாளர். நான் மலையேறிய கதையைச் சொல்லப் போகிறேன். வேலையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தண்ணீர் வந்தால் திருவிழா. "குண்டாத்துல தண்ணி வருதுடா!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், பெரியவர்கள்கூடப் பார்க்க ஓடுவார்கள். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆகவே ஓடையைக் கண்டு பயப்பட நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தக் குண்டாறு பிறப்பது வருசநாட்டு மலையின் கிழக்குச் சரிவில். சதுரகிரி இருப்பதும் அந்த மலைத்தொடரில்தான்.

எங்கள் செட் நண்பர்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பௌர்ணமி. விடியற்காலை தாணிப்பாறையில் வனத்துறைச் சோதனை முடிந்ததும், முதுகில் பை, பைக்குள் புளியோதரையும் தண்ணீரும், வாய் நிறையப் பழைய ஹாஸ்டல் கேலி என்று ஏறினோம். வழுக்குப்பாறை, இரட்டை லிங்கம் தாண்டி சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மதியம் இரண்டு மணிக்கு மாங்கனி ஓடை. காலையில் கணுக்கால் நனைத்த தண்ணீர் இப்போது முழங்காலளவு. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. நண்பர்கள் தயங்கினார்கள். "பத்தடிதானேடா, கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவோம்" என்றவன் நான்தான். மறுநாள் காலை எனக்கு ஆபீஸ். சொல்லிக்கொண்டே ஒரு காலையும் தண்ணீரில் வைத்துவிட்டேன்.

பின்னால் சுமையோடு இறங்கி வந்த ஒரு பெரியவர் என் பையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, தண்ணி நெறத்தப் பாத்தீகளா? செவப்பா, சருகு அடிச்சுக்கிட்டு வருது. மேல கொட்டுது. ஏறி மேட்டுல நில்லுங்க."

அரைமணி நேரத்துக்குள் நாங்கள் நின்றிருந்த பாறையே தெரியவில்லை. மரக்கட்டைகள் உருண்டு போயின. மூன்று மணி நேரம் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரும் கேலி பேசவில்லை.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். சிறுபாலங்களுக்கு வெள்ளக் கணக்குப் போடுவதுதான் என் தொழில். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். செங்குத்தான பாறைச் சரிவில் விழும் மழையை மண் குடிக்க நேரம் கிடையாது. கிளை ஓடைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிடும். இதையெல்லாம் இந்தக் கல்லூரியில்தான் படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கால் வைக்கும்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

2015 மே மாதம் இதே சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரை அடித்துப்போய்க் கொன்றது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. நம்மைப் போல் விடுமுறைக்குக் கிளம்பியவர்கள்தான் அவர்களும்.

தம்பி, தங்கைகளே, மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அனுமதியோடு போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஊர்க்காரர் பேச்சைக் கேளுங்கள். கூட்டத்தில் ஒருவன் "வேண்டாம்டா" என்றால் அதுவே முடிவு என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வரும் இப்போது அப்படித்தான்.

அந்தப் பெரியவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஊரு நீங்க?"

"அருப்புக்கோட்டைப் பக்கம்" என்றோம்.

"அதான்" என்றார்.