பேதி உப்பும் குறைமாதக் குழந்தையின் மூளையும்

மாடித் தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு எப்சம் உப்பு தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்ல பேதி உப்புன்னும் சொல்வாங்க. வேதியியல்ல அதோட பேர் மெக்னீசியம் சல்பேட். இந்த உப்புக்கும் செரிப்ரல் பால்சிக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் இன்னைக்குப் பேச்சு.

செரிப்ரல் பால்சி என்பது வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் வருவது. உடல் அசைவையும் தசைக் கட்டுப்பாட்டையும் அது வாழ்நாள் முழுக்கப் பாதிக்கும். ரொம்ப சீக்கிரம் பிறக்கிற குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

1995-ல அமெரிக்காவுல காரின் நெல்சன், ஜூடித் கிரேதர்னு ரெண்டு பேர், கலிஃபோர்னியாவில் ஒன்றரை கிலோவுக்கும் குறைவா பிறந்த குழந்தைகளோட பதிவுகளைப் பார்த்தாங்க. செரிப்ரல் பால்சி வராத குழந்தைகள்ல 36 சதவீதம் பேரோட அம்மாக்களுக்குப் பிரசவத்தப்போ இந்த மருந்து போயிருந்தது. வந்த குழந்தைகள்ல வெறும் 7 சதவீதம்தான். அம்மாவுக்கு வலிப்பு வராம இருக்கவும், பிரசவ வலியை நிறுத்தவும் கொடுத்த மருந்து அது!

ஆனா ஒரு சந்தேகம். காப்பாத்தினது மருந்தா, இல்ல அந்த அம்மாக்களோட உடல்நிலையே வேற மாதிரியா? அதைப் பிரிச்சுப் பார்க்க, குலுக்கல் முறையில் மருந்து கொடுக்கும் பரிசோதனைகள் தேவைப்பட்டன. 2008-ல வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 2,241 பெண்கள். மிதமான அல்லது தீவிரமான செரிப்ரல் பால்சி, மருந்து இல்லாத பிரிவில் 3.5 சதவீதம், மருந்து பெற்ற பிரிவில் 1.9. அடுத்த வருஷம் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தாங்க: 63 அம்மாக்களுக்குக் கொடுத்தா ஒரு குழந்தை தப்பிக்கும்.

மருந்து விலையும் ரொம்பக் குறைவு. அப்போ உடனே எல்லா இடத்துலயும் வந்திருக்கணுமே? வரல. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் 5 மருத்துவமனைகள்ல, தேவைப்பட்ட அம்மாக்கள்ல 21 சதவீதம் பேருக்குத்தான் கிடைச்சிட்டிருந்தது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, ஞாபகப்படுத்த ஒருத்தர், தெளிவான வழிமுறை. இவ்வளவுதான் செஞ்சாங்க. 88 சதவீதமாச்சு.

ஒரு எச்சரிக்கை: இது மருத்துவமனையில், கண்காணிப்போட, ஊசி வழியா கொடுக்கிற மருந்து. கடையில வாங்கின உப்பைக் கரைச்சுக் குடிக்கிற விஷயம் இல்ல.

மருந்தைக் கண்டுபிடிச்சா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வார்டுல இருக்கிற நர்ஸுக்கு அது ஞாபகம் வரணும். மீதிப் பாதி அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.