முழங்காலில் அடிபட்டால் தொடை ஏன் சோர்கிறது?
(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதார வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



மழை நாளில் மலையில் சறுக்கி முழங்காலைத் திருப்பிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சில கிழமையில் நோவு குறையும். அக்கா பெரட்டுக்குப் போவார். மேடு ஏறிவிடுவார், கொழுந்தோடு இறங்கும்போது முழங்கால் திடீரென மடிந்துவிடும். உடனே பேச்சு கிளம்பும்: "நோவுதான் இல்லையே, சும்மா சாட்டு சொல்றா."

சாட்டு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முழங்காலை நிமிர்த்திப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக நரம்பில் கட்டளை வந்தால்தான் அது இறுகும். மூட்டில் காயம்பட்டு நீர் கட்டினால், அங்குள்ள நரம்பு நுனிகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அதைக் கேட்டு முதுகுத்தண்டு, தொடைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். பல்பும் சரி, வயரும் சரி, கரண்ட்தான் குறைவு. எவ்வளவு மனம் வைத்து இறுக்கினாலும் முழுப்பலம் வராது. சிலருக்கு அடிபடாத மற்றக் காலிலும் கொஞ்சம் பலம் குறையும்.

நோவினால் மட்டுமே இப்படி ஆவதில்லை. சுகமான முழங்கால்களுக்குள் உப்பு நீர் ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 1984இல் வெளிவந்தது. 20 முதல் 30 மில்லிலீற்றரிலேயே தொடையின் உட்பக்கத் தசை மந்தமானது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்தான்! நம்ம வீக்கத்தில் அதைவிடக் கூட இருக்கும்.

ஆகவே முதலில் வீக்கம் வற்ற வேண்டும். காலை உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 20 நிமிடம் வைத்தால், அதன்பின் தசை கொஞ்ச நேரம் நன்றாக இறுகும். ஐஸ் இல்லாவிட்டால் பீலித் தண்ணியில் நனைத்த துணி. அந்தளவு வராது, ஆனாலும் உதவும். புது வீக்கத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்குங்கள். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. தொடை இறுகுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நோவு போனதும் நிறுத்திவிடாதீர்கள். நோவு போனாலும் தொடை தானாகத் தேறாது.

கால் ஊன்ற முடியாவிட்டால், நீட்டிய காலைத் தூக்க முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டால், அல்லது மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கங்காணிமாருக்கும் ஒரு சொல். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளைக்குச் செங்குத்து இல்லாத நிரையாகப் பார்த்துக் கொடுங்கள்.