ஊர் சின்னது, கூத்து பெரியது
(திம்புள்ள தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழும்பில் வேலை செய்து பொங்கலுக்கு வீடு வந்த பிள்ளைகள் நம்மிடம் ஒன்று கேட்டார்கள். "கொழும்புல எப்பவும் நாடகம், கச்சேரி, நடனம்னு ஏதாவது நடக்குது. நம்ம பக்கம் ஏன் ஒன்னுமே இல்லை?"

நியாயமான கேள்விதான். ஒரு மண்டபம் நடத்துவதென்றால் கரண்ட், சம்பளம், திருத்த வேலை என்று செலவு நிற்காது. கொழும்பு மாநகர எல்லைக்குள் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்தரை லட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர் டிக்கட் எடுத்தாலும் 5,500 பேர். அதனால்தான் 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு, 2011இல் திறந்த தாமரைத் தடாகம் போன்றவற்றை அங்கே நடத்த முடிகிறது. ஹட்டன் டவுனில் அதே கணக்குப் போட்டால் இருநூறு பேர் தேறாது.

ஆனால் டிக்கட் இல்லாத கலை நம்மிடம் இருக்கிறதே! மாசி அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமி வரை தப்புச் சத்தத்தோடு ஆடுகிறோமே, அந்தக் காமன் கூத்துக்கு மண்டபமா வேண்டும்? ரதியும் மதனும் ஈசனும் பக்கத்து லயத்துக்காரர்தான். பார்க்கிறவரும் நாம், செலவுக்குக் கொடுக்கிறவரும் நாம்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. நகரத்தில் ஒரு குழு கலைந்தால் இன்னொன்று வரும். நம்ம தோட்டத்தில் ஒருத்தர் போனால் அவர் பாட்டும் போய்விடும். நம்ம கூத்து வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பாட்டெல்லாம் அவர் நெஞ்சில்தான் இருக்கு. போன மாசியில் ரதி வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதை நாமும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு வாத்தியார் வீட்டுக்குப் போகட்டும். தப்பு அடிக்கிறவரை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம். அவர் இல்லாமல் கூத்து இல்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு மாசித் திகதியை முன்கூட்டியே சொல்லுங்கள், லீவு கேட்கட்டும்.

தம்பிமாரே, கொழும்பில் நாடகம் பாருங்கள், நல்லதுதான். அங்கே நீங்கள் ஆயிரத்தில் ஒருவர். இங்கே நீங்கள் வராவிட்டால் மதன் வேஷமே இல்லை.