வெடிமருந்தைக் காக்கும் கரி



அடுப்பில் இட்டால் கரி எரியும். இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே கரி, வெடிமருந்து வேளை தெரியாமல் தீப்பற்றாதபடி காவல் நிற்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

உலர்ந்த தலைமுடியை வாரிய சீப்பு, சிறு காகிதத் துண்டுகளை இழுக்கும். உராய்வினால் சீப்பில் மின்சாரம் ஏறுவதே காரணம். நம் நாட்டு ஈரக்காற்றில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. உலர்ந்த அறையிலோ, ஏறிய மின்சாரம் வழியின்றித் தேங்கும். பிறகு பொறியாகத் தாவும். வெடிமருந்துச் சாலையில் அந்த ஒரு பொறியே உயிருக்கு உலையாகலாம்.

இங்கேதான் கரி உதவுகிறது. பென்சிலின் உள்ளே இருக்கும் கறுப்புப் பொருளில் கிராபைட் உண்டு. அதுவும் கரியின் ஒரு வடிவமே. மின்சாரத்தை எளிதில் கடத்தும். துப்பாக்கித் தோட்டாவில் இடும் மருந்து மணிகளுக்கு அதை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். மின்சாரம் தேங்காமல் பரவி வடிந்துவிடுகிறது. மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி ஓடுகின்றன.

நாம் சீவி எடுக்கும் ரப்பர் பாலுக்கும் இதில் பங்குண்டு. வெறும் ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் புகைக்கரியைப் போதிய அளவு கலந்தால், அதே ரப்பர் மின்சாரத்தைக் கடத்தும். அவ்வாறு செய்த அடிப்பாகமுள்ள காலணிகளை வெடிமருந்துச் சாலைப் பணியாளர்கள் அணிகிறார்கள். உடலில் ஏறும் மின்சாரம் கால்வழியே தரைக்கு இறங்கிவிடும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கரிப்பூச்சு மின்பொறிக்குத்தான் காவல், நெருப்புக்கு அன்று. தீ பட்டால் மருந்து எரிந்தே தீரும். 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் வாணவேடிக்கைத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

ஆகவே, தீபாவளிக் காலத்தில் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசைப் பிரித்து மருந்தைச் சேர்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். எட்டி நின்று சற்றுப் பொறுங்கள். பிறகு தண்ணீரை ஊற்றி நனையுங்கள். பட்டாசுப் பெட்டியை அடுப்பங்கரையிலோ சாமி விளக்கின் அருகிலோ வைக்காதீர்கள். தொழிற்சாலையில் காவலுக்குக் கரி இருக்கிறது. வீட்டில் நம் கவனம் ஒன்றே காவல்.