தருக்க மொழியும் வெளியுலக வாயிலும்

கணினிக்கு ஏவலிடும் மொழிகளுட் பெரும்பாலானவை ‘இதைச் செய், பின்னர் அதைச் செய்’ என்னும் போக்கின. 1972 ஆம் ஆண்டளவிற் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மரோவரும் பிலிப் றூசெலும் ஆக்கிய புரொலொக் மொழி வேறு வழி சென்றது. உண்மைகளையும் விதிகளையும் எடுத்துரைத்து வினாவை எழுப்பினாற் போதும். விடை தேடுவது கணினியின் பொறுப்பு. சென்ற வழி அடைபட்டால், அது வந்த வழியே திரும்பி, இடையிற் கொண்ட முடிபுகளை அழித்துவிட்டு வேறொரு வழியை நாடும்.

எல்லா விதிகளையும் ஒருவர் புதிதாக எழுத வேண்டுவதில்லை. பிறர் எழுதிவைத்தவை நூலகங்கள் என்ற பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. இரு பட்டியல்களை இணைக்கும் விதி அவற்றுள் ஒன்று. ‘க, ச’ என்பதையும் ‘ட’ என்பதையும் கொடுத்தால் ‘க, ச, ட’ எனச் சேர்த்துத் தரும். சேர்ந்ததை மட்டும் கொடுத்தாலோ, அதனை இரண்டாகப் பிரிக்கும் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். வெற்றுப் பட்டியலையும் கணக்கிற் கொண்டால் நான்கு வகை. ஒரே விதி இரு திசையிலும் பயன்படுவது புரொலொக்கின் தனிச்சிறப்பு.

ஆயினும், திரையிற் படம் வரைதல் போன்ற வேலைகளுக்குச் சீ முதலிய பிறமொழிகளில் எழுதிய செயற்கூறுகளின் துணை வேண்டும். 1986 ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் யான் வீலமாக்கர் எஸ்.டபிள்யூ.ஐ. புரொலொக்கைத் தொடங்கியதற்கு இத்தேவையே காரணம். புரொலொக் சீயை அழைக்க, சீ மீண்டும் புரொலொக்கை அழைக்க, இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாக அழைப்புகள் தொடர இடமளிக்கும் அமைப்பை அவர் நாடினார்.

இங்கேதான் இடர்ப்பாடு. சீயின் செயற்கூறு ஒரு விடை தந்ததும் முடிந்துவிடும். புரொலொக்கோ திரும்பி வந்து ‘வேறு விடை உண்டா?’ என்று கேட்கும். ஆகவே, பல விடை தரும் செயற்கூறு தான் நின்ற இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். முதல் அழைப்பு, மறு விடைக்கான அழைப்பு, ‘இனி வேண்டாம்’ என்னும் அழைப்பு ஆகிய மூன்றையும் அது வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மூன்றாவதை மறந்தவரின் நிரல் முதலிற் செவ்வனே ஓடும். பெற்ற நினைவகத்தை விடுவிக்காமையால் நாட்போக்கிற் கணினியைத் திணறச் செய்யும். பிழை எங்கே என்று தேடுவோர் படும்பாடு சொல்லுந்தரமன்று!

நினைவகத்தையாவது விடுவிக்கலாம். தாளில் அச்சான வரியைப் புரொலொக் எத்தனை முறை பின்வாங்கினாலும் அழிக்க இயலாது. தேடலின் நடுவே அச்சிடும் நிரல், பின்னர் தானே கைவிடும் விடையையும் அச்சிட்டுவிடும். தேர்ந்தவர்கள் தேடலை முற்றாக முடித்து, விடை உறுதியான பின்னரே அச்சுப்பொறியை அழைக்கின்றனர்.