இன்ஹேலர் எலும்பைத் தேய்க்குமா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே சந்தோஷப்படும். இளைப்பு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மட்டும் அது கவலை மாதம். ஈரக்காற்று, சுவரில் பூஞ்சணம், பள்ளி திறந்ததும் தொற்றிக்கொண்டு வரும் சளி எல்லாம் மேலகரத்தில் ஒன்றாகச் சேரும் காலம். பல வீடுகளில் இந்த நேரம் பார்த்து இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "அதில் ஸ்டீராய்டு இருக்காமே, எலும்பு தேய்ஞ்சுருமாமே, பிள்ளை வளராதாமே" என்கிறார்கள்.

இந்தப் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பைக் கட்டும் செல்கள் சோர்ந்துபோகும், குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் குறையும். அது உண்மை. ஆனால் மாத்திரைக்குச் சொன்னதை இன்ஹேலருக்கும் அப்படியே சொல்லலாமா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆஸ்துமா உள்ள 2 முதல் 18 வயது வரையிலான 19,420 பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பிள்ளைகளுக்கு எலும்பு முறிவு கூடவில்லை. மாத்திரையாகவோ சிரப்பாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத்தான் சற்றுக் கூடியிருந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 'கேம்ப்' என்ற ஆய்வும் உண்டு. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த பையன்களுக்கு எலும்பில் தாது சேர்வது குறைந்தது. இன்ஹேலரால் வந்த குறைவு சிறியது. எலும்பு பலவீனம் என்று சொல்லும் அளவுக்கு அது போகவில்லை.

உயரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே ஆய்வில், தினம் 400 மைக்ரோகிராம் புடசோனைடு 4 முதல் 6 ஆண்டுகள் எடுத்தவர்கள், பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லை. இன்னொரு பக்கம், கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் பிள்ளையின் தூக்கத்தையும் ஓட்டத்தையும் வளர்ச்சியையும் கெடுக்கும்.

இனி வீட்டுக் கணக்கு ஒன்று. தினம் 200 மைக்ரோகிராம் வீதம் இன்ஹேலர் எடுத்தால் ஒரு வருடத்துக்கு மொத்தம் 73 மில்லிகிராம். அதை நிறுத்தியதால் இளைப்பு முற்றி, 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுக்க வேண்டி வந்தால், 5 நாளிலேயே 100 மில்லிகிராம் ஆகிவிடும். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு; அதனால் எடைக்கு எடை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று நுரையீரலுக்கு நேராகப் போகிறது. விழுங்கிவிடும் கொஞ்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். மற்றது ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும். எலும்புக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள், எலும்பை உண்மையிலேயே பாதிக்கும் மருந்தின் வாசலில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதே நேரம், மூச்சுத் திணறும்போது மருத்துவர் 5 நாள் மாத்திரை கொடுத்தால் மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிர் முக்கியம். மாத்திரை அடிக்கடி தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில.

தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம், "அளவைக் குறைக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு.

ஸ்ப்ரே வகை இன்ஹேலரை ஸ்பேசர் வைத்தே கொடுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். பேசவே திணறினாலோ, விலா இடுக்கு உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வருடத்தில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை, சிரப் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எழுதுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். பெயர் ஒட்டாத இளைப்புப் பொடியும் வேண்டாம்; அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

எலும்புக்குக் கேழ்வரகு, எள்ளுருண்டை, தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி இவையெல்லாம் நல்லது. வெயிலும் விளையாட்டும் வேண்டும். இளைப்பு என்று பிள்ளையைச் சோபாவில் உட்கார வைத்தால் எலும்புக்கு அதுவும் கெடுதல்தான்.

குடியிருப்பாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. வளாகத்தில் சருகும் குப்பையும் எரிக்கக் கூடாது. பெயின்ட் அடிப்பதற்கும் கொசுப்புகை அடிப்பதற்கும் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட வேண்டும். மாடிப்படிச் சுவரின் நீர்க்கசிவைச் சாரலுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் நம்மவர்கள். தடுப்பு மருந்தைத் தினமும் எடுக்காததும் இதற்கு முக்கியக் காரணம். புடசோனைடு நம் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை இன்ஹேலர் நிற்க வேண்டாம்.